மூன்றாம் எண்

பொன்மனை தாண்டியதும் பஸ் ஜன்னலுக்குள்
முதலில் வருவது அம்மோனியா.
பிறகுதான் போர்டு, பிறகு கேட்,
பிறகு காதில் பஞ்சோடு ரசலையன்.

மாதத்துக்கு ஒருநாள் போகிறேன்.
காந்தம் வைத்த சென்சார் ஒன்று, ஒரு கேபிள்,
சிவப்புப் பைக்குள் ஒரு பெட்டி.
பேரிங் இருக்கும் இடத்தில் வைத்தால்
டக்கென்று பிடித்துக்கொள்ளும், உடும்பு.

முதல் எண் ஓடிக்கொண்டிருக்கிறது,
நிமிடத்துக்கு ஏழாயிரத்து இருநூறு சுற்று.
உள்ளே ரப்பர் பால் பிரிந்து
கெட்டி ஒரு குழாயிலும் தண்ணிப் பால் ஒரு குழாயிலும் இறங்குகிறது.
வெளியே நிற்பவருக்கு
எதுவும் சுற்றுவதாகவே தெரியாது.

திரையில் நூற்றிருபதில் ஒரு முள்.
அது மட்டும் ஒற்றையாய் வளர்ந்தால்
உள்ளே ஒரு பக்கமாய்ச் சகதி அப்பியிருக்கிறது என்று பொருள்.
நிறுத்தி, பவுலைத் தூக்கி, தட்டுத் தட்டாய்க் கழுவி
திரும்ப ஓட்டினால் முள் குட்டையாகும்.
இன்று மூன்றரை. கழுவியபின் ஒன்றே முக்கால்.
இரண்டாம் எண், குறை ஒன்றுமில்லை.

மூன்றாம் எண்ணை ஆனி மழைக்கு நிறுத்தியது.
பால் வரத்து இல்லை.
மேலே தார்ப்பாய்,
தார்ப்பாயின் மேல் யாருடையதோ சோற்றுப் பாத்திரம்.
படிவத்தில் அதற்கு நேரே
மாதாமாதம் ஒரு கோடு கிழித்துவிடுவேன்.

ஐப்பசியில் ஒருநாள்
கை ஒழியாமல், சென்சாரை அதன் உடம்பில் ஒட்டிவிட்டு
பேனாவைத் தேடினேன்.
பெட்டியை அணைத்திருக்கவில்லை.
திரும்பினால் திரையில் முள்.
ஒன்றல்ல, இரண்டு, தோளோடு தோள் உரசி:
ஒன்று முதல் எண்ணின் வேகம்,
மற்றது இரண்டாம் எண்ணின் வேகம்.

"அது ஒறங்கியில்லா கெடக்குது,
அதுக்கு என்ன காச்சலு?" என்றார் ரசலையன்.

தரை வழியாக வருகிறது.
பக்கத்து இரண்டும் ஓட ஓட
இதன் குண்டுகள் உருளாமல்
இருந்த இடத்திலேயே இருந்து அரைக்கின்றன.
உருளும் குண்டோடு கிரீஸும் கூடவே போகும்.
உருளாத குண்டுக்கு அடியிலிருந்து
மெல்ல மெல்ல ஒதுங்கிவிடும்.

எழுதிக் கொடுத்தேன். கோப்பில் வைத்தார்கள்.

கார்த்திகை கடைசியில் பால் வந்தது, ஓட்டினார்கள்.
எழுந்த ஊளையில் கேட்டிலிருந்து வாட்ச்மேன் ஓடி வந்தாராம்.
கழற்றிய பேரிங்கை
ரசலையன் என் உள்ளங்கையில் வைத்தார்.
வளையத்தில் சம இடைவெளி விட்டு எட்டுக் குழி,
குழிக்குக் குழி கோக்கோ நிறப் பொடி.
ஐந்து மாதம், ஒரு சுற்றுகூட இல்லை.
இவ்வளவு தேய்மானம்.

மேனேஜர் கிறிஸ்துராஜனுக்கு ஒரு சந்தேகம்.
"ஓடாத்த மிஷினுக்கும் பில்லு போட்டிருக்கியளே,
அதென்ன கணக்கு?"
பேரிங்கை மேசையில் வைத்தேன்.
குழிகளை நகத்தால் தடவிப் பார்த்தார்.
பில்லில் பாதியை வெட்டினார்.

இந்த ஆனியிலும் அதை நிறுத்தியாயிற்று.
ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து
வெள்ளைச் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு
ரசலையன் தார்ப்பாயை விலக்குகிறார்.
கையால் கால் சுற்று, கொஞ்சம் கூட.
குண்டு பழைய இடத்தில் மறுபடி உட்காரக்கூடாது.
சாக்பீஸில் ஒரு கோடு, தேதி.
படிவத்தில் நானும் கோட்டை விட்டுவிட்டு
"ஓடவில்லை, பார்த்தேன்" என்று எழுதுகிறேன்.

திரும்பும் பஸ்ஸில்
விரல் நுனியில் இன்னும் அந்த நூற்றிருபது.
ஷார்ஜாவிலிருந்து வந்து ஏழு மாதமாய்
ஃபேனைப் பார்த்துப் படுத்திருக்கும் தம்பிக்கு
போன் போட்டேன்.
வேலை பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"சந்தை வரைக்கும் போய்
கொஞ்சம் சாளை வாங்கி வையேன்."
"மழ பெய்யுது."
"குடை கதவுக்குப் பின்னால இருக்கு."